எக்ஸ்ரே சார் பார்த்த பறவைகள்

எக்ஸ்ரே சாரிடமிருந்து ஒரு விஷயத்தை வரவழைப்பது வளைக்குள் போன நண்டை வெளியே இழுப்பது மாதிரி. நாம் இழுக்க இழுக்க அவர் உள்ளே போவார். சிதம்பரத்தில் நான் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்த அந்தத் தனியார் மருத்துவமனையில் இது எல்லாருக்கும் தெரியும். நோயாளிகளுக்குத்தான் தெரியாது. படம் எடுத்து முடித்துச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

“ஏதாச்சும் தெரியுதா சார்?”

“டாக்டர் சொல்லுவாரு.”

லால்பேட்டையிலிருந்து ஓர் அம்மா மூன்று வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். பிள்ளை அவருடைய காதுத் தோட்டை விழுங்கிவிட்டது. படம் எடுத்தாயிற்று. கம்ப்யூட்டர் திரையில், பிள்ளையின் வயிற்றுக்கு நடுவில், தோடு பளிச்சென்று தெரிகிறது. திருகு முதற்கொண்டு தெரிகிறது. வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது.

“யா அல்லா, தோடு உள்ளதான் இருக்கா சார்?” என்று அந்த அம்மா கேட்கிறார்.

“டாக்டர் பாத்து சொல்லுவாருங்க” என்றார் எக்ஸ்ரே சார், முகத்தில் ஒரு ரேகை அசையாமல்.

ஆனால் படத்தை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு அவரே ஓடினார். வாய் சொல்லாததைக் கால் சொல்லிவிடும், அதைப் பார்க்கத் தெரிந்தால். சாதாரணப் படம் என்றால் ஆயா கையில் கொடுத்தனுப்புவார். கொஞ்சம் கவலை என்றால் அவரே நடந்து போவார். தோடு விழுங்கிய பிள்ளைக்கு ஓடினார். இதையெல்லாம் நான் கண்டுபிடிக்கக் கொஞ்ச காலம் ஆயிற்று.

நாங்கள் இருவரும் கடலூர்க்காரர்கள். கல்யாணமாகி நான் செம்மண்டலத்தில் இருந்தேன். அவர் வீடு மஞ்சக்குப்பத்தில். தினமும் காலையில் ஒரே பஸ். வெயில் பட வேண்டாமென்று எல்லாரும் வலது பக்கம் நெருக்கியடித்து உட்காருவார்கள். அவர் மட்டும் இடது பக்க ஜன்னலோரம், முகத்தில் வெயில் அடிக்க உட்கார்ந்திருப்பார். உப்பனாற்றுப் பக்கமும் வெள்ளாற்றுப் பாலத்திலும் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவார். கண்டக்டர் அதட்டினால் உள்ளே இழுத்துக்கொள்வார். என்ன பார்த்தார் என்று கேட்டால், “தண்ணிதாம்மா” என்பார்.

அவரிடம் ஒரு கேமரா இருந்தது. புதுச்சேரியில் யாரோ உபயோகித்து விற்றது. முன்னால் நீண்ட குழல் மாதிரி லென்ஸ். வெயில் நன்றாக இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பழைய சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு, மொபெட்டில் ஏதாவது ஒரு கடற்கரைக்குப் போவார். கடல் பறவைகளைப் படம் எடுப்பார். வேறு எதையும் எடுக்க மாட்டார். எங்கள் தலைமை நர்ஸ் தன் பேத்தியின் காதுகுத்துக்குக் கேமராவோடு வரச் சொல்லிக் கேட்டபோது, “ஆளுங்கள எடுக்கறதில்லீங்க. வாரம் பூரா ஆளுங்களத்தானே எடுக்கறேன்” என்று சொல்லிவிட்டார். அந்த நர்ஸ் அவரோடு பல நாள் பேசவில்லை. அதனால் அவருக்கு வித்தியாசம் ஒன்றும் தெரிந்திருக்காது.

மருந்துக்கடையில் இருந்தவன் ஒருமுறை, தானும் கூட வருகிறேன் என்றான். சார் யோசித்துப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேர் போனா பறவைங்களுக்குக் கூட்டமாத் தோணும் தம்பி” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவர் மனைவியை ஒரே ஒருமுறை கடலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மகளின் நிச்சயத்துக்குத் துணி எடுக்கப் புறப்பட்டு நின்றார்கள். “மாப்ள வீட்டுல பொண்ண புடிச்சுப்போச்சுன்னு போன் வந்து மூணு நாளாச்சாம். இந்த மனுசன் நேத்துதாம்மா என்கிட்ட சொல்றாரு” என்றார் அந்த அம்மா. “ஏங்கன்னு கேட்டா, ‘அவுங்களே நேர்ல வந்து சொல்லட்டும்னு இருந்தேன்’றாரு. இவர் வயித்துல என்னா இருக்குன்னு இவரையே அந்த மிஷின்ல நிக்க வெச்சாதான் தெரியும்.” சார் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் அப்பாவை அழைத்துப் போனேன்.

அப்பா தாழங்குடாவில் இருந்தார். மீன்பிடித் தொழில். சொந்தமாக ஒரு பைபர் படகு, கூட்டுக்கு ஒரு பங்காளி. அந்த வருஷம் ஐப்பசியில் ஆரம்பித்த இருமல் பொங்கல் தாண்டியும் நிற்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டார். “பீடிய விட்டா சரியாப் பூடும்” என்று சொல்லிக்கொண்டே பீடி பற்றவைப்பார். ஒரு சனிக்கிழமை வலுக்கட்டாயமாக பஸ் ஏற்றிச் சிதம்பரத்துக்குக் கூட்டிவந்து நெஞ்சுப் படம் எடுக்க வைத்தேன். நெஞ்சு டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார்.

“மூச்ச நல்லா இழுங்க… அப்பிடியே அடக்குங்க… அசையாதீங்க…” என்று உள்ளேயிருந்து சாரின் குரல் கேட்டது. அப்பாவால் அடக்க முடியவில்லை, இருமிவிட்டார். மறுபடியும் எடுத்தார்கள். பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. மேஜையில் கூட்டமாக இருந்ததால் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

இருவரும் வெளியே வந்தார்கள். அப்பா வழக்கமான கேள்வியைக் கேட்டிருக்கிறார், வழக்கமான பதில் கிடைத்திருக்கிறது. ஆனால் சார் தன் அறைக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றார்.

“அண்ணே, நாளைக்கு உங்க ஊர் முகத்துவாரத்துப் பக்கம் பறவ படம் எடுக்க வரேன். தொணைக்கு வரீங்களா?”

எனக்கு என் காதையே நம்ப முடியவில்லை. அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. “நான் பொறந்ததுலேர்ந்து பாக்கற பறவ சார். அதுல பாக்கறதுக்கு என்னா இருக்குது?”

“பாக்க வேணாம். சும்மா ஒக்காந்திருங்க. வெயில் நல்லாருக்கும்.”

மறுநாள் வெயில் நிஜமாகவே நன்றாக இருந்தது. பனி விலகி, வானம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. நான் பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பெண்ணையாறு கடலில் கலக்கிற இடத்தில் மணல் ஒரு திட்டாக நீண்டு கிடக்கும். அலை வந்து திரும்பும்போது ஈரமணல் முழுக்க வெயில் மினுங்கியது. அதன்மேல் உள்ளான் என்கிற சின்னப் பறவைகள் கூட்டமாக, அலைக்கு முன்னால் ஓடுவதும் அலைக்குப் பின்னால் ஓடுவதுமாக இருந்தன. அவற்றின் கால்கள் கண்ணுக்கே தெரியவில்லை. திட்டின் நுனியில் ஆலாப் பறவைகள் ஒரே திசையைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தன. கொஞ்சம் தள்ளி, பழுப்புத் தலையோடு கடல் காக்கைகள்.

சார் சூரியனை முதுகுக்கு விட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஈரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அதற்கப்புறம் அவர் அசையவில்லை. ஈ உட்கார்ந்தால்கூட விரட்டவில்லை. பறவைகளை நோக்கி ஓரடிகூட முன்னே போகவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளான்கள் அவரை ஒரு கட்டையென்று நினைத்துவிட்டன போல. ஓடி ஓடி, அவர் கால் பக்கத்திலேயே மணலைக் குத்த ஆரம்பித்தன. அவர் விரல் மட்டும் மெல்ல அழுத்தியது.

அப்பாவுக்குச் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. நெளிந்தார். காறினார். அப்புறம் இருமல் வந்துவிட்டது. சட்டென்று மொத்தக் கூட்டமும் எழும்பிப் போய்விட்டது. உள்ளான், ஆலா, காக்கை எல்லாம். திட்டு வெறுமனே கிடந்தது.

“ஐய, கெடுத்துட்டேன் சார்.”

“போனா என்னா, வரும்.”

வந்தன. அப்பா மறுபடியும் இருமினார். மறுபடியும் போயின. மூன்றாவது தடவை அப்பா துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, கண்ணெல்லாம் சிவக்க, தோள் குலுங்கக் குலுங்க இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சார் கேமராவை மடியில் வைத்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினார்.

“அண்ணே, அடக்காதீங்க. நல்லா இருமுங்க.”

“பறவ பூடும் சார்.”

“போவட்டும். அடக்காதீங்க.”

அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. நாள் முழுக்க ஊரையே மூச்சடக்கச் சொல்கிற மனிதர்.

பிறகு அவர் கேமராவை அப்பா கையில் கொடுத்தார். தூரத்தில் உட்கார்ந்திருந்த ஓர் ஆலாவை முழுத்திரைக்கும் இழுத்து வைத்திருந்தார். மஞ்சள் அலகு, கறுப்புத் தலை, பின்னந்தலையில் காற்றில் சிலிர்த்துக்கொண்ட முடி. அப்பா வெகுநேரம் பார்த்தார்.

“பாப்பா, இங்க வந்து பாரேன். நம்ம பழைய பிரசிடெண்டு கணக்கா முடிய சிலுப்பிக்கிட்டு நிக்கிது! இது எங்க குத்திச்சின்னா அங்க மீன் இருக்குதுன்னு போவோம், அவ்ளோதான். இதுக்கு ஒரு மூஞ்சி இருக்குதுன்னு இன்னிக்குதான் பாக்கறேன்.”

சார் சிரித்தார். பிளாஸ்கின் ஒரே மூடியில் இருவரும் மாற்றி மாற்றி டீ குடித்தார்கள். கிளம்புகிற நேரத்தில் சார் கேட்டார், “அண்ணே, அப்பிடியே கொஞ்சம் நில்லுங்க. ஒரு படம் எடுத்துக்கறேன்.” அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, கடலுக்கு முதுகு காட்டி நின்றார். ஆளையே எடுக்காதவர் எடுக்கிறாரே என்று நான் பெருமையாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை நெஞ்சு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வலது பக்கம் மேலே ஒரு கட்டி மாதிரி நிழல் இருக்கிறது என்றார். என்னவாகவும் இருக்கலாம், இப்போதே பயப்பட வேண்டாம், சளி பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். பயப்பட வேண்டாம் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. வெளியே வந்து வராந்தாவில் நடக்கும்போது ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒவ்வொன்றாகப் புரிந்தது. கூப்பிட்டது, டீ குடித்தது, அடக்காதீங்க என்றது, படம் எடுத்தது.

நேராக எக்ஸ்ரே அறைக்குள் போனேன்.

“சனிக்கிழமையே உங்களுக்குத் தெரியும், இல்ல?”

அவர் ஒரு துணியைக் கையில் எடுத்தார்.

“எங்கிட்டகூட சொல்லணும்னு தோணலையா சார்? தினம் ஒரே பஸ்ஸுல வரேன். நேத்து பூரா பக்கத்துலயே ஒக்காந்திருந்தீங்க.”

“எனக்குத் தெரிஞ்சது ஒரு நிழல்தாம்மா. அதுக்குப் பேரு வெக்க எனக்குத் தெரியாது.”

“அப்ப எதுக்கு அவர கடக்கரைக்குக் கூட்டிட்டுப் போனீங்க?”

அவர் இயந்திரத்தின் கம்பியைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாக, “வெயில் நல்லாருந்துச்சும்மா” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் போகவில்லை. அந்த வாரம் பஸ்ஸில் நான் அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் முடிவு வந்தது. காசநோய். வேறொன்றும் இல்லை. ஆறு மாதம் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். டிபி என்று கேட்டுச் சந்தோஷத்தில் அழுதவள் அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எக்ஸ்ரே அறை வாசலில் நின்று, “சார், டிபிதானாம்” என்றேன். அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் தேய்த்தார். “அப்ப நான் நெனச்சது தப்பு” என்றார். “நல்லவேள. நல்லவேள தப்பு.” அந்த மனிதர் ஒன்றை இரண்டு தடவை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

அப்பாவுக்கு ஒளிவுமறைவு கிடையாது. சில நாள் கழித்து, பெரிதாகப் பிரிண்டு போட்ட அந்தக் கடற்கரைப் படத்தைச் சார் தாழங்குடா வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். அப்பாவுக்குப் பின்னால் கடல், இருமலுக்கு எழும்பிய ஆலாக்கள் வானம் முழுக்க. அப்பா படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“சார், ஒண்ணு கேக்கறேன். உண்மையச் சொல்லணும். மாலை போடறதுக்குத்தானே எடுத்தீங்க?”

என் அம்மா, “அட, என்னா பேச்சு இது!” என்று பதறினாள். சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. டாக்டர் சொல்லுவாரு என்று சொல்லித் தப்பிக்க அங்கே வழியில்லை. தலையை ஆட்டினார், ஆமாம் என்று.

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இருமலுக்கு நடுவிலும் சிரித்தார். “அடப்பாவி மச்சான்! என்ன அனுப்பி வெக்கத்தான் பறவ காட்ட கூட்டிட்டுப் போனியா!” அன்றிலிருந்து அவர் அப்பாவுக்கு மச்சான் ஆகிவிட்டார். அதன்படி நான் அவரை மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். வாய் வரவில்லை, சார் என்றே கூப்பிட்டேன்.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்கள் எல்லாரும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நான், அம்மா, பங்காளி. ஒரே மூடியில் டீ குடித்ததை நான் போட்டுக்கொடுத்ததால் சாரும். பயிற்சிக்கு வந்திருந்த பெண்தான் அவருக்குப் படம் எடுத்தாள். “மூச்ச அடக்குங்க சார்” என்றாள் பயந்துகொண்டே. நான் கதவோரம் நின்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தவர், அந்தப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பதைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“ஏம்மா, ஏதாச்சும் தெரியுதா?”

“டாக்டர் சொல்லுவாரு சார்.”

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று டாக்டர் அறை வாசலில் நோயாளிகளோடு நோயாளியாக, நகத்தைக் கடித்தபடி அவர் உட்கார்ந்திருந்ததை ஆஸ்பத்திரியே பார்த்தது. படத்தில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகும் அவர் நோயாளிகளிடம் அதே பதிலைத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு உடனே கதவுப் பக்கம் திரும்பிக்கொள்ளாமல், அவர்கள் பொத்தான் போட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நிற்க ஆரம்பித்தார். சிலரிடம் எந்த ஊர், எந்த பஸ் என்றுகூடக் கேட்டார்.

அப்பா ஆறு மாதமும் மாத்திரை விழுங்கினார். பீடியை விட்டார். புரட்டாசியில் மறுபடி கடலுக்குப் போக டாக்டர் சம்மதித்தார். அப்போதுதான் அப்பா, “மச்சான், கரையில ஒக்காந்து எத்தினி நாளைக்குப் பாப்ப? வா, அதுங்க சோறு துன்ற எடத்தக் காட்டறேன்” என்று கூப்பிட்டார். அத்தனை வருஷம் கடல் பறவைகளைப் படம் எடுத்த மனிதர் கடலுக்குள் ஒருமுறைகூடப் போனதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, கேமராவை மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போட்டில் ஏறினார். அலையைத் தாண்டும்போது அவர் போட்ட சத்தம் கரையில் நின்ற எனக்குக் கேட்டது.

உச்சிப் பொழுதுக்கு முன்னால் திரும்பினார்கள். அப்பாவும் பங்காளியும் சாரை இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினார்கள். முகம் வெளிறிப்போயிருந்தது. மணலில் மல்லாந்து படுத்துவிட்டார். “போவும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி” என்றார் அப்பா. எக்ஸ்ரே சார் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். உதட்டில் மட்டும் ஒரு சிரிப்பு இருந்தது.

அடுத்த வருஷம் அவர் வேலையை விட்டு, மனைவியோடு ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பொங்கலுக்கு அப்பாவோடு போனில் பேசுவார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஆஸ்பத்திரியும் இல்லை, கடற்கரையும் இல்லை. போட்டில் போய்வந்த மறுநாள் திங்கட்கிழமைக் காலை பஸ்தான்.

பஸ் ஸ்டாண்டில் ஏறியவர் ஜன்னலோரம் போகவில்லை. நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, “என்னா சார், கடலுக்குள்ள போனீங்களாமே?” என்று கேட்டார். அவருக்கு அது எப்படித் தெரிந்ததோ.

“போனேன்” என்றார் சார். நான் அடுத்த வார்த்தைக்கு அவசரப்படவில்லை, எப்படியும் வராது என்று நினைத்தேன். வந்தது. “தண்ணி மேல ஒரு கறுப்பு வருது. மேகத்தோட நெழல்னு நெனச்சேன். பாத்தா மீனு! கீழ அவ்ளோ மீனு. அதுக்கு மேல ஆலா. நூறு இருக்கும், எறநூறு இருக்கும், எண்ணவே முடியல. ஒண்ணொண்ணும் மேலேர்ந்து கல்லு மாதிரி உழுவுது. தண்ணியில பொத்துப் பொத்துன்னு சத்தம். என் தலைக்கு மேல, காதுக்குப் பக்கத்துல, ரெக்கக் காத்து மூஞ்சில அடிக்குது…”

“எங்க, போட்டோ காட்டுங்க சார்” என்றார் பின்சீட்டுக்காரர் ஒருவர்.

“எடுக்கல.”

“எடுக்கலையா?”

“பையப் பிரிக்கவே முடியல. ஒரே வாந்தி. நான் சொல்றேன், கேளுங்க.”

சொன்னார். ஒரு கை கம்பியில், இன்னொரு கை ஆலாவாக மேலே போய்ப் போய் விழ, கடலூர் ஓல்டு டவுன் தாண்டியும் சொல்லிக்கொண்டே வந்தார். டிரைவர் பாட்டை நிறுத்தினார். ஆலப்பாக்கத்தில் இறங்க வேண்டிய கீரைக்காரம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தவள், புதுச்சத்திரம் வந்த பிறகுதான், “ஐயையோ, என் ஊரு பூட்டுதே!” என்று எழுந்தாள்.

சார் அவளை விடவில்லை.

“ஒக்காரும்மா” என்றார். “இன்னும் முடியல.”